கேம்கியூபை மெலிந்த பெட்டிக்குள் அமைத்தல்: முதன்முறை முயல்வோருக்கு ஒரு வழிகாட்டி

நின்டெண்டோ நிறுவனம் 2001 செப்டம்பர் 14 அன்று ஜப்பானிலும், 2002 மே 3 அன்று ஐரோப்பாவிலும் விற்பனைக்கு விட்ட கேம்கியூப் என்ற வீடியோ விளையாட்டுக் கன்சோல், 150 மி.மீ. அகலமும் 161 மி.மீ. ஆழமும் 110 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு சிறு பெட்டி. அதன் மேல்பகுதியில் 8 செ.மீ. வட்டைச் சுழற்றும் டிஸ்க் டிரைவும், அந்த டிரைவைத் திறந்து மூடும் மூடியுமே பெரும்பாலும் இருக்கின்றன. விளையாட்டை வட்டிலிருந்து படிப்பதற்குப் பதிலாக எஸ்.டி. கார்டிலிருந்து படிக்கச் செய்துவிட்டால் அந்த மேல்பகுதிக்கு வேலையே இல்லாமல் போகிறது. என் வீட்டுக் கேம்கியூபைப் பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார்; லேசர் தேய்ந்து, வட்டைப் போட்டால் பத்துக்கு ஏழு தடவை படிக்க மறுத்த நிலையில் அதைக் குப்பைக்கு அனுப்ப மனம் வராமல் இந்த மாற்றத்தைச் செய்தேன். இப்போது அது 66 மி.மீ. உயரத்தில், மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள குறுகிய தட்டில் அடங்கி நிற்கிறது.

புதியவர்களுக்கு நான் வேறு கன்சோலைச் சொல்லாமல் இதையே சொல்வதற்கு முதன்மையான காரணம் பாதுகாப்பு. கேம்கியூபின் மின்மாற்றி பெட்டிக்கு வெளியே, தனி அடாப்டராக இருக்கிறது. பெட்டிக்குள் நுழைவது 12 வோல்ட் நேர்மின்சாரம் மட்டுமே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேரே உள்ளே போகும் கன்சோல்களும் உண்டு. அவற்றில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், முதல் வேலையாக அவற்றைத் தொட வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு முறையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்: பெட்டியைக் கடைசியில் செய்யுங்கள். பலரும் அழகான பெட்டியை முதலில் அச்சிட்டுவிட்டு, பிறகு பாகங்களை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. டிரைவ் இல்லாமல், மூடி இல்லாமல், மேசைமேல் விரித்து வைத்த நிலையில் கன்சோல் ஒரு மணி நேரம் தடையின்றி ஓட வேண்டும். அதன் பிறகே அளவுகோலைக் கையில் எடுக்கலாம்.

எந்த மாதிரி உங்களிடம் இருக்கிறது

கன்சோலைக் கவிழ்த்து அடியில் உள்ள சீட்டைப் படியுங்கள். டி.ஓ.எல்.-001 என்றிருந்தால் அது முந்தைய மாதிரி, டி.ஓ.எல்.-101 என்றிருந்தால் பிந்தையது. முந்தைய மாதிரியின் பின்பக்கத்தில் அனலாக், டிஜிட்டல் என இரண்டு படவெளியீட்டு வாய்களும், அடிப்பக்கத்தில் சிறு மூடிகளுக்குள் சீரியல் போர்ட் 1, சீரியல் போர்ட் 2, ஹைஸ்பீடு போர்ட் என மூன்று வாய்களும் இருக்கும். பிந்தைய மாதிரியில் டிஜிட்டல் வெளியீடும் சீரியல் போர்ட் 2-உம் நீக்கப்பட்டுவிட்டன. சீரியல் போர்ட் 2-இல் பொருந்தும் எஸ்.டி.2எஸ்.பி.2 என்ற சிறு எஸ்.டி. கார்டு அடாப்டர்தான் நம் வேலைக்கு மிகவும் வசதியானது. டிஜிட்டல் வாய் இருந்தால் எச்.டி.எம்.ஐ. அடாப்டரையும் எளிதாகச் செருகலாம். ஆகவே வாங்கும் வாய்ப்பு இருந்தால் முந்தைய மாதிரியைத் தேடுங்கள். பிந்தைய மாதிரியே கையில் இருந்தாலும் கவலை வேண்டாம். மெமரி கார்டு துளையில் செருகும் எஸ்.டி. அடாப்டரைக் கொண்டு அதே வேலையை முடிக்கலாம், ஒரு துளை மட்டும் எப்போதும் அடைபட்டிருக்கும்.

பழைய கன்சோலை விலைக்கு வாங்குவதானால், டிரைவ் பழுதானதை விலை குறைத்துக் கேளுங்கள்; டிரைவ் நமக்குத் தேவையில்லை. வட்டு இல்லாமல் ஆன் செய்தாலே ஒரு சிறு கனசதுரம் உருண்டு வந்து கேம்கியூப் முத்திரையாகி, உள்மெனு தோன்ற வேண்டும். நான்கு கன்ட்ரோலர் வாய்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

கருவிகள்

கேம்கியூபின் வெளிப்பெட்டியை மூடியிருக்கும் நான்கு திருகுகள் சாதாரணத் திருப்புளிக்கு அசையாதவை. அவற்றுக்கு 4.5 மி.மீ. கேம்பிட் என்ற குழிவான முனை வேண்டும். நம் ஊர் கேன்காய்ரி எனப்படும் இரும்புச் சாமான் கடைகள் பலவற்றில் கேட்டும் எனக்கு அது கிடைக்கவில்லை. இணையவழியில் வாங்கியது வந்து சேர வாரக்கணக்கில் ஆயிற்று. எனவே முதல் நாளே அதை வரவழைத்துவிடுங்கள். பேனாக் குழாயை உருக்கித் திருகின்மேல் அழுத்தித் திருப்பும் தந்திரத்தைச் சிலர் சொல்வார்கள். திருகு ஆழமான குழிக்குள் இருப்பதால் உருகிய பிளாஸ்டிக் உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும் ஆபத்து உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றோடு நட்சத்திர முனைத் திருப்புளி, மல்டிமீட்டர், வெர்னியர் காலிபர், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சோல்டரிங் அயர்ன், 30 கேஜ் மெல்லிய வயர், வெப்பம் தாங்கும் கேப்டன் டேப், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை வேண்டும். சோல்டர் கம்பி வாங்கும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. சோல்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருளை ஃப்ளக்ஸ் என்பார்கள்; தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கப்படும் ஃப்ளக்ஸில் அமிலம் இருக்கும். அதை மின்னணுப் பலகையில் பயன்படுத்தினால் சில மாதங்களில் செப்புத் தடங்களை அரித்துவிடும். ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளடங்கிய மின்னணு வேலைக்குரிய கம்பியையே கேட்டு வாங்குங்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகுவதால் புதியவர் கைக்கு இணக்கமானது. ஈயம் உள்ளதால் வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புகை முகத்தில் படாதபடி சன்னலருகே உட்கார வேண்டும்.

பிரித்தல்

அடாப்டரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கன்சோலைக் கவிழ்த்து நான்கு திருகுகளையும் கழற்றி, மீண்டும் நிமிர்த்தி, மேலோட்டை நேராக மேலே தூக்குங்கள். உள்ளே முன்பக்கத்தில் கன்ட்ரோலர் வாய்கள் பொருந்திய பலகையும், பக்கவாட்டில் ஃபேனும், நடுவில் டிரைவும் தெரியும்.

திருகுகள் பலவகை நீளத்தில் இருக்கின்றன. நான் வீட்டு இட்லித் தட்டை எடுத்து, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு பாகத்தின் திருகுகளை மட்டும் போட்டு, குழியின் விளிம்பில் சிறு காகிதத் துண்டில் பாகத்தின் பெயரை எழுதி ஒட்டினேன். நீளமான திருகு ஒன்றைக் குட்டையான திருகின் இடத்தில் முறுக்கினால் அது பலகையைத் துளைத்துவிடும் என்பதால், இந்தச் சிறு ஒழுங்கு பெரிய இழப்பைத் தவிர்க்கும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பலகையையும் மதர்போர்டையும் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இணைக்கிறது. அதை இழுத்துப் பிய்க்காமல், மெதுவாக நேராகக் கழற்றுங்கள். டிஸ்க் டிரைவுக்குக் கேபிள் இல்லை. அதன் அடியிலுள்ள கனெக்டர் நேரே மதர்போர்டில் அமர்ந்திருக்கும். டிரைவைத் தாங்கும் திருகுகள் அனைத்தையும் கழற்றிய பிறகு, இருபக்கமும் பிடித்து, சாய்க்காமல் மேல்நோக்கித் தூக்க வேண்டும்.

திறந்த கையோடு முன்பலகையில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரியையும் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கன்சோல் தேதி கேட்கிறது என்றால் அந்தப் பேட்டரி இறந்துவிட்டது என்று பொருள். இருபது ஆண்டு கடந்த எந்தக் கன்சோலிலும் அதை மாற்றிவிடுவதே நல்லது. பழைய பேட்டரி சிறு உலோகத் தகடுகளோடு பலகையில் சோல்டர் செய்யப்பட்டிருப்பதால், தகடுகள் பொருத்தப்பட்ட பேட்டரியையே வாங்குங்கள். சாதாரணப் பேட்டரியின் மேல் நேரடியாகச் சோல்டர் வைத்தால் அது சூடேறி வெடிக்கக்கூடும்.

பிக்கோபூட் பொருத்துதல்

வட்டு இல்லாமல் கன்சோல் தொடங்கி, எஸ்.டி. கார்டைப் படிக்க வேண்டுமென்றால், ஆன் ஆனவுடன் ஸ்விஸ் என்ற ஹோம்பிரூ மென்பொருள், அதாவது ஆர்வலர்கள் தாமே எழுதிய மென்பொருள், இயங்க வேண்டும். அதற்கு 2022-இல் வெளிவந்த பிக்கோபூட் என்ற திறந்த மூலத் திட்டம் இப்போது எளிய வழியாக இருக்கிறது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு பலகையை ஐந்து வயர்களால் மதர்போர்டுடன் இணைப்பதே வன்பொருள் வேலை முழுவதும்.

முதலில் மென்பொருளை ஏற்றிவிடுங்கள். பிக்கோவின் மேலுள்ள பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி யூ.எஸ்.பி. கேபிளால் கணினியில் செருகினால், அது ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும். திட்டத்தினர் தரும் யூ.எஃப்.2 கோப்பை அதற்குள் நகலெடுத்தால் போதும். சோல்டர் செய்யும் புள்ளிகள் 001 மாதிரியிலும் 101 மாதிரியிலும் வேறுவேறு இடங்களில் இருக்கின்றன. உங்கள் பலகைக்குரிய வரைபடத்தை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

மதர்போர்டை வெளியே எடுத்து, புள்ளிகளை ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் ஒரு துளி சோல்டரை மட்டும் வையுங்கள். வயரின் முனையிலும் அவ்வாறே பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து 330 டிகிரி அளவில் ஓரிரு நொடி தொட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று நொடிக்குள் ஒட்டவில்லை என்றால் அயர்னை எடுத்துவிட்டு, கூடுதலாக ஃப்ளக்ஸ் தடவி மீண்டும் முயலுங்கள். சூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் புள்ளியே பலகையிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். வயர்களைக் கூடியவரை குட்டையாக வைத்து, போகும் வழியெங்கும் கேப்டன் டேப்பால் ஒட்டி அசையாமல் செய்யுங்கள். முடித்ததும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒவ்வொரு வயரும் உரிய இடத்தை அடைகிறதா, பக்கத்துப் புள்ளியைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மின்சாரம் கொடுங்கள்.

பிக்கோவின் யூ.எஸ்.பி. வாய் பின்னாளில் எட்டக்கூடிய இடத்தில் இருக்கட்டும். மென்பொருளைப் புதுப்பிக்க அது வேண்டும். ஆனால் கன்சோலுக்கு மின்சாரம் செல்லும்போது பிக்கோவைக் கணினியோடு இணைக்கவே கூடாது. இரண்டு மின்வழிகள் ஒரே பலகையில் மோதினால் எது சேதப்படும் என்று சொல்ல முடியாது.

டிரைவை எடுத்துவிடும் முன்

இங்கே பலர் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். டிரைவ் கொஞ்சமாவது வேலை செய்கிறது என்றால், பிக்கோபூட் பொருத்தியதும் கன்சோலை மீண்டும் தற்காலிகமாகப் பூட்டி, உங்களிடம் உள்ள வட்டுகளை எஸ்.டி. கார்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். கிளீன்ரிப் என்ற ஹோம்பிரூ மென்பொருள் இதைச் செய்கிறது. டிரைவ் முற்றிலும் செத்துவிட்டிருந்தால், கேம்கியூப் வட்டுகளை ஏற்கும் நின்டெண்டோவின் தொடக்ககால வீ கன்சோல் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, அதில் கிளீன்ரிப்பை ஓட்டலாம். சொந்தமாக வாங்கிய வட்டுகளை மட்டும் நகலெடுங்கள். இணையத்தில் சுற்றும் கோப்புகளை இறக்காதீர்கள். உழைத்து உருவாக்கியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது; கூடவே, அக்கோப்புகள் முழுமையானவைதாமா என்று அறியவும் வழியில்லை.

ஒரு வட்டுக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். சரியாக நகலெடுக்கப்பட்ட கேம்கியூப் வட்டின் கோப்பு எப்போதும் 1,459,978,240 பைட் அளவில் இருக்கும்; ஒரு பைட் குறைந்தாலும் திரும்ப எடுங்கள். 4 ஜி.பி.க்குக் குறைவு என்பதால் எஃப்.ஏ.டி.32 முறையில் அமைத்த கார்டில் தடையின்றி அமரும்.

இனி டிரைவை நீக்கிவிட்டு, ஸ்விஸ் வழியாக ஒரு விளையாட்டைத் தொடங்கிப் பாருங்கள். சேமிப்புகளையும் எஸ்.டி. கார்டிலேயே வைக்க விரும்பினால், மெமரி கார்டைப் பாவனை செய்யும் அமைப்பு ஸ்விஸ்ஸுக்குள் இருக்கிறது. எஸ்.டி.2எஸ்.பி.2 செல்லும் வழியின் வேகம் 27 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது; அதனால் சில விளையாட்டுகளில் இடையே வரும் காணொளிகள் சற்றுத் திக்கலாம். அது உங்களுக்குப் பெருங்குறையாகப் பட்டால், டிரைவின் கனெக்டரிலேயே அமர்ந்து டிரைவைப் போலவே நடந்துகொள்ளும் ஜி.சி. லோடர் என்ற பலகையை வாங்கலாம். விலை கூடுதல், சோல்டர் வேலை இல்லை. பெட்டியின் உயரத்தைக் கணக்கிடும்போது அந்தப் பலகையின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம்

இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேம்கியூபின் உள்ளே கெக்கோ என்ற 486 மெகாஹெர்ட்ஸ் செயலியும், ஃபிளிப்பர் என்ற 162 மெகாஹெர்ட்ஸ் வரைகலைச் சிப்பும், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள் கொண்ட ஒரே ஹீட்சிங்கின் கீழே இருக்கின்றன. பக்கவாட்டு ஃபேன் காற்றை அந்த ஹீட்சிங்கின் துடுப்புகளுக்கு இடையே இழுத்து வெளியேற்றுகிறது. காற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு: தடை குறைந்த வழி எதுவோ அதில் போகும். பழைய பெட்டியில் டிரைவும் அதன் கீழ்த் தகடும் துடுப்புகளுக்கு மேற்கூரை போல அமைந்து, காற்றுக்கு வேறு வழி இல்லாமல் செய்திருந்தன. டிரைவைத் தூக்கியதும் அந்தக் கூரை போய்விடுகிறது.

என் முதல் பெட்டியில் இதை நான் கவனிக்கவில்லை. மூடிக்கும் துடுப்புகளுக்கும் இடையே 9 மி.மீ. இடைவெளி விட்டிருந்தேன்; காற்றோட்டத்துக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்பது என் நினைப்பு. மேசைமேல் ஒரு மணி நேரம் ஓடிய அதே கன்சோல், பெட்டிக்குள் போனதும் நாற்பதாவது நிமிடத்தில் படம் உறைந்து நின்றது. ஆறிய பிறகு மீண்டும் ஆன் செய்தால் ஓடும்; மறுபடி உறையும். மூடியைக் கழற்றி, ஃபேனை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி உள்ளே காட்டினேன். புகை துடுப்புகளுக்குள் நுழையவே இல்லை. அவற்றின் தலைக்கு மேல், நான் விட்டிருந்த அந்த 9 மி.மீ. இடைவெளி வழியாகவே ஒரு கோடு போல நேராக ஃபேனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூடியின் உட்புறத்தில், துடுப்புகளின் தலையைத் தொடும் அளவுக்குத் தீப்பிடிக்காத வகை நுரைப்பட்டையை இரு ஓரங்களிலும் ஒட்டி, நடுவே ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து மேற்கூரையைத் திரும்பக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தக் கோளாறு வரவில்லை. நீங்கள் மூடியை வரையும்போதே அதன் உட்புறம் துடுப்புகளிலிருந்து 1 மி.மீ.க்கு மேல் விலகாதபடி அமைத்துவிடுங்கள்.

ஹீட்சிங்கைத் திறந்திருந்தால் சிப்புகளின் மேலுள்ள வெப்பப் பட்டைகளையும் பாருங்கள். விரலால் தொட்டால் உதிர்ந்து பொடியாகும் நிலையில் இருந்தால் புதியவை போட வேண்டும். பழைய பட்டையின் தடிமனைக் காலிபரால் அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். கணினிக்குப் பூசும் தெர்மல் பேஸ்ட் இங்கே பட்டைக்கு மாற்றாகாது; சிப்புக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்ப இயலாது. ஹீட்சிங்கைத் திரும்பப் பூட்டும்போது ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

ஃபேனை மாற்ற எண்ணினால், பழைய ஃபேனின் கனெக்டரில் கன்சோல் ஓடும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்பதை மல்டிமீட்டரால் அளந்த பிறகே புதியதைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஃபேனின் ஓரத்தில் காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். பழைய ஃபேன் எத்திசையில் தள்ளியதோ அதே திசையில் வையுங்கள். பழைய ஃபேன் சத்தமின்றி ஓடினால் மாற்றாமல் விடுவதே என் விருப்பம்.

மின்சாரம்

அடாப்டரின் வெளியீடு 12 வோல்ட், 3.25 ஆம்பியர். பழைய மின்வாய் புதிய பெட்டியில் அடங்கும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்; முதல் முயற்சியில் இதைத் தொட வேண்டிய தேவை இல்லை. அடாப்டர் தொலைந்துபோனவர்கள் 5.5 மி.மீ. வெளிவிட்டமும் 2.1 மி.மீ. நடுத்துளையும் கொண்ட வட்ட வாயைப் பொருத்தலாம். அப்படிச் செய்தால், புதிய அடாப்டரும் 12 வோல்ட்டும் 3.25 ஆம்பியருக்குக் குறையாததுமாக இருக்க வேண்டும்; நடு ஊசி நேர்முனைதானா என்பதைச் சீட்டை நம்பாமல் மீட்டரால் பார்க்க வேண்டும்; வயர் 18 கேஜுக்கு மெலிதாக இருக்கக் கூடாது. முனை மாறிப் போனால் அந்த ஒரு நொடியில் கன்சோல் தீர்ந்துவிடும்.

நம் தீவில் புயல் காலங்களில் மின்சாரம் போய் வரும்போது மின்னழுத்தம் துள்ளுவது வழக்கம். எச்சரிக்கை அறிவிப்பு வந்ததும் அடாப்டரைச் சுவரிலிருந்தே பிடுங்கி வையுங்கள்.

அளத்தலும் பெட்டியும்

இப்போது மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் தொகுதியை அளக்கலாம். நீளம், அகலம் எளிது. உயரத்தை மட்டும் ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்னழுத்தப் பலகை, ஃபேன் சட்டம், கன்ட்ரோலர் வாய்களுள்ள முன்பலகை, ஹீட்சிங்க் ஆகிய ஒவ்வொன்றின் உச்சியையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். முன்பக்கத்தில் கன்ட்ரோலர் வாய்கள் மேலும், மெமரி கார்டு துளைகள் கீழுமாக இரண்டு அடுக்காக இருப்பதால், பெட்டி எவ்வளவு மெலியலாம் என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கும். மெமரி கார்டு துளைகளை விட்டுவிட்டு, கன்ட்ரோலர் வாய்களை இரண்டாகக் குறைத்து இன்னும் மெலிதாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தைப்பூசக் காவடி முடிந்த மறுநாள் அண்ணன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் கூடும்போது நால்வராக உட்கார்ந்து விளையாடுவது வழக்கம். நான்கு வாய்களில் ஒன்றைக்கூட இழக்க எனக்கு மனமில்லை. அதற்காகக் கூடுதலான மில்லிமீட்டர்களை மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

அளவுகளைக் கொண்டு முதலில் அட்டைப் பெட்டியால் ஒரு மாதிரி செய்யுங்கள். தானிய அட்டையை வெட்டி, டேப்பால் ஒட்டி, பாகங்களை அதற்குள் வைத்து, கேபிள்களைச் செருகிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. அடாப்டர் செருகிய பின் பின்பக்கச் சுவரில் இடிக்கிறதா, எஸ்.டி. கார்டை விரலால் எடுக்க முடிகிறதா, ரிப்பன் கேபிள் மடிந்து நெரிபடுகிறதா என்பதெல்லாம் அட்டையில் தெரிந்துவிடும். அட்டையில் கண்ட தவறுக்கு இழப்பு பத்து நிமிடம். அச்சிட்ட பிறகு கண்டால் ஒரு நாளும் ஒரு சுருள் பிளாஸ்டிக்கும் போகும்.

பக்கவாட்டில் சுற்றிலும் 1 மி.மீ., ஹீட்சிங்க் தவிர மற்ற பாகங்களின் உச்சிக்கு மேல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுவர் 2.4 மி.மீ. தடிமன் இருந்தால் உறுதியாக நிற்கும். பவர் பட்டனும் ரீசெட் பட்டனும் பழைய மேலோட்டோடு போய்விட்டன என்பதை மறக்க வேண்டாம். உள்ளே உள்ள சுவிட்சுகளைத் தொடும் தண்டுகளை, புதிய உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் நீங்களே வரைய வேண்டும். தண்டு அரை மி.மீ. நீண்டுவிட்டால் பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்.

முப்பரிமாண அச்சுக்குப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் எளிது என்றாலும் 60 டிகிரி அருகிலேயே அது இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி வைத்தாலே மூடி வளைந்துவிடும். 80 டிகிரி வரை தாங்கும் பி.ஈ.டி.ஜி.யில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சு இயந்திரம் எட்டாதவர்கள் 3 மி.மீ. அக்ரிலிக் பலகைகளை லேசரால் வெட்டி வாங்கி, பித்தளைத் தாங்கிகளால் அடுக்கி நிறுத்தலாம். பக்கங்கள் திறந்திருக்கும் என்பதால் துடுப்புகளுக்கு மேற்கூரையும் பக்கச் சுவரும் தனியே கொடுக்க வேண்டியிருக்கும். மூடியை எம்3 திருகுகளால் பூட்டுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக முறுக்காமல், சூடாக்கி அமிழ்த்தும் பித்தளைத் திருகுக் கூடுகளைப் பொருத்தினால், பலமுறை திறந்து மூடினாலும் புரி தேயாது. பசை போட்டு மூடிவிடுவதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். என்றோ ஒரு நாள் திறக்க வேண்டிவரும்.

காற்றுத் துளைகளுக்கு உட்புறம் மெல்லிய நைலான் வலையை ஒட்டுங்கள். இங்கே எறும்பும் சின்னப் பல்லியும் வெதுவெதுப்பான பெட்டியைத் தேடி வரும். எறும்புக் கூட்டம் ஒன்று மின்னழுத்தப் பலகையில் குடியேறியதை நண்பர் ஒருவரின் கன்சோலில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடியில் 5 மி.மீ. ரப்பர் கால்கள் வைத்தால், தட்டின் தூசிக்கு மேலே பெட்டி நிற்கும். கடற்கரை ஊர்களில் இருப்போர் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதாரணத் திருகு விரைவில் துருப்பிடித்து இறுகிவிடும்.

பூட்டிச் சோதித்தல்

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, மூடியைத் திருகாமல் சும்மா வைத்து முதல் முறை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றும் ஓசை கேட்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து வெளியேறும் காற்றில் கையைக் காட்டினால் வெதுவெதுப்பு உணரப்பட வேண்டும். காற்று குளிர்ச்சியாகவே வந்தால், அது துடுப்புகளைத் தொடாமல் வருகிறது என்று அர்த்தம். பிறகு திருகுகளைப் பூட்டி, வீட்டில் வெயில் அதிகம் ஏறும் பிற்பகல் நேரத்தில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். மேட்டுநிலக் கியூர்பீப்பின் குளிரில் தேறிய பெட்டி, கடலோரப் போர்ட் லூயிஸின் கோடைக்கால ஜனவரிப் புழுக்கத்தில் தேறும் என்று சொல்ல முடியாது. ஆகவே மேட்டுநிலத்தில் இருப்போர், அதைக் கீழே உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அங்கேயும் ஒரு முறை இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

கழற்றிய டிரைவையும் பழைய ஓட்டையும் எறிய வேண்டாம். நான் டிரைவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடியிட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். இட்லித் தட்டிலிருந்து எடுத்த திருகுகளும், பாகத்தின் பெயர் எழுதிய அதே காகிதத் துண்டுகளோடு, தனித்தனிப் பொட்டலமாக அதற்குள்ளேயே இருக்கின்றன.